எங்கள் வீட்டுக்கு ஒரே சாமி வந்த மாசி

நம் பழைய பள்ளிக்கூடத்து வாட்ஸப் குரூப்பில் ஒரு வாரமாகக் கடவுள் ஒருவரா பலரா என்று அடித்துக்கொள்கிறீர்கள். முழங்கால் தேய்ந்து, சர்க்கரை ஏறி, கண்ணில் புரை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வயதில் நமக்கு இதைவிட அவசரமான வேலை என்ன இருக்கப் போகிறது? நம்மோடு படித்த ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஒரு குரல் பதிவு அனுப்பினார். எகிப்தில் ஒரு ராஜா சூரியனைத் தவிர வேறு சாமியே கிடையாது என்று கட்டளை போட்டானாம், எல்லாம் அங்கே தொடங்கியதாம். வில்லியனூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர், அதெல்லாம் இல்லை, பாலைவனத்தில் ஆடு மேய்த்தவர்கள் கண்டுபிடித்தது, சுற்றிலும் மணல், மேலே பார்த்தால் ஒரே வானம், வேறென்ன தோன்றும் என்றார். இன்னொருவர், நம்ம ஊரிலேயே ஆதியில் ஒன்றுதான் இருந்தது, பின்னால் வந்தவர்கள்தான் கூட்டிவிட்டார்கள் என்று நீளமாக ஒரு ஃபார்வர்டு போட்டார். எல்லாவற்றுக்கும் கீழே கை கூப்பிய பொம்மைகள்.

நான் பதில் போடவில்லை. கட்டைவிரலால் தட்டி அனுப்பும் விஷயமில்லை இது. உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமை இருந்தால் படியுங்கள். ராஜாவையும் பாலைவனத்தையும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரே கடவுள் என்ற எண்ணம் ஒரு மனிதனுக்குள் எப்படி முளைக்கிறது, முளைத்த பிறகு அது வீட்டில் என்ன கேட்கிறது என்பதை, சோரியாங்குப்பத்துப் பக்கம் எங்கள் வீட்டு மண் தரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

முதலில் எங்கள் வீட்டுச் சாமிகளைச் சொல்ல வேண்டும். சுவரில் ஒரு மாடக்குழி. அதில் தகர விளக்கு, விபூதி கொட்டிய கொட்டாங்குச்சி, விதைக்கடைக் காலண்டரிலிருந்து வெட்டிய லட்சுமி, அதற்குப் பக்கத்தில் யாரோ கொடுத்த வேளாங்கண்ணி மாதா. மேலே ஆணியில் ஒரு நல்ல மரச் சட்டத்துக்குள் மயிலோடு முருகன். எல்லாவற்றின் மேலும் எண்ணெய்ப் புகை படிந்து, மாதாவும் லட்சுமியும் கிட்டத்தட்ட ஒரே நிறத்துக்கு வந்திருந்தார்கள். அம்மா எல்லாருக்கும் ஒரே திரியைத்தான் காட்டுவாள். "யாரையும் எதுக்குப் பகைச்சிக்கணும்? யாரு எப்ப ஒதவுவாங்கன்னு இன்னா தெரியும்?" என்பாள். அவ்வளவுதான் அம்மாவின் மதம். சுத்தமான, யாருக்கும் தொல்லை இல்லாத மதம்.

வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல் இருந்தது. அது அத்தையுடையது. அப்பாவுக்கு மூத்த அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு எங்கள் வீட்டை ஒட்டியே கூரை போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் மேல் ஆத்தா வருவாள். மற்ற நாளெல்லாம் கூலிக்குக் களை எடுக்கும் அத்தையை, அந்த ஒரு சாயங்காலம் மட்டும் தெருவே விழுந்து கும்பிடும். அவளுக்கு வேறு எந்தக் கௌரவமும் இல்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அப்பா கரும்பு வெட்டுவார். அந்த வருஷம் ஊர்த் திருவிழாவில் தேர் எங்கள் தெரு முனையில் சேற்றில் இறங்கிவிட்டது. தேர் எப்போதும் அந்த முனைவரைக்கும்தான் வரும், அப்படியே திரும்பிப் போய்விடும். தேரேறிய ஆத்தா எங்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை. அன்றைக்குச் சக்கரம் அசையவில்லை என்று எங்கள் தெரு ஆம்பளைகளைக் கூப்பிட்டார்கள். அப்பாவும் ஓடினார். தோள் கொடுத்து, மூச்சு முட்ட நெம்பி, தேரை மேட்டில் ஏற்றினார்கள். ஏறியதும், தள்ளிப் போங்கடா என்று விரட்டிவிட்டு, அவர்கள் தொட்ட சக்கரத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். சேற்றைக் கழுவவில்லை. அது அப்படியே இருந்தது. தோள் பட்ட இடத்தை மட்டும் தேடித் தேடிக் கழுவினார்கள். நான் அப்பாவின் இடுப்பு உயரத்தில் நின்று அதைப் பார்த்தேன். இன்றைக்கும் மஞ்சள் தண்ணீர் வாசனை எனக்கு ஆகாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆற்றைத் தாண்டி ஒரு ஜெபவீட்டுக்குப் போனார். திரும்பி வந்தவர் அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஒரே பாயிடி. நெடுக ஒரே கோரப்பாயி. எல்லாரும் அதுலதான் குந்தறாங்க. எனுக்குப் பக்கத்துல ஒரு வாத்தியாரு குந்தினாரு, நவுரவே இல்ல."

சொல்லிவிட்டு அழுதார். நான் அப்பா அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. நண்பர்களே, ஒரே கடவுளுக்கு நீங்கள் குரூப்பில் என்னென்னவோ அர்த்தம் சொன்னீர்கள். எங்கள் அப்பாவுக்கு அதன் முதல் அர்த்தம் ஒரே பாய். அந்த இடத்தில் நான் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தயார். அதோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. பாயை அங்கேயே விட்டுவிட்டு, ஒன்று என்பதை மட்டும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஆண்டவரு ஒருத்தரு. அதுமாரி வூட்டுக்கும் ஒரு பேச்சுதான்" என்றார். அந்த ஒரு பேச்சு யாருடையது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அம்மா அடுத்த ஆள் வயலுக்கு நாற்று நடப் போவதற்குக்கூட அவரைக் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டால், ஜெபம் பண்ணிச் சொல்கிறேன் என்பார். கண்ணை மூடுவார். திறக்கும்போது எப்போதும் அவர் முன்னாடியே நினைத்திருந்த பதில்தான் வரும்.

மாடக்குழியிலிருந்த எல்லாவற்றையும் ஒரு கோணியில் அள்ளிக்கொண்டு போய் வாய்க்காலில் போட்டார். லட்சுமி மிதந்தாள், மாதா நனைந்து கீழே போனாள். மரச் சட்டத்தை மட்டும் எறிய மனசு வரவில்லை, நல்ல சட்டம். ஜெபவீட்டில் கொடுத்த 'தேவன் ஒருவரே' அட்டையை அதற்குள் வைத்து ஒட்டினார். முருகனைப் பிய்க்கப் பார்த்தார், அவர் பிசினோடு இறுகிப் போயிருந்தார். அட்டை வேறு அளவில் சின்னது. அதனால் 'தேவன் ஒருவரே' அட்டைக்குக் கீழே மயிலின் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். அந்த மாசத்தில் அம்மா சிரித்தது அதற்கு மட்டும்தான்.

அத்தையின் கல்லில் கை வைக்க அப்பாவுக்குத் துணிச்சல் வரவில்லை. கல் கண்ணில் படாமலிருக்க எங்கள் வாசலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டி கட்டினார். அக்காவும் தம்பியும் தட்டிக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாமல் சண்டை போட்டார்கள்.

போதகர் சைக்கிளில் வருவார். வெள்ளைச் சட்டை, ஹாண்டில்பாரில் ஒரு பித்தளைக் கூஜா. அப்பா எங்கிருந்தோ ஒரு ஸ்டூல் வாங்கிவந்து போடுவார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால், "இருக்கட்டும்மா" என்று தன் கூஜாவைத் திறந்து குடிப்பார். அப்பா அதை ஒரு தினுசான பெருமையோடு பார்ப்பார், கூஜா பளபளவென்று இருக்கும். அவர் ஏன் எங்கள் சொம்பைத் தொடவில்லை என்று அப்பா கடைசிவரை யோசித்த மாதிரியே தெரியவில்லை. யோசிக்காமலிருக்க அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

மாசியில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. நடை பழகி ஓட ஆரம்பித்திருந்தான். அவனுக்கு அப்போது இரண்டு பெயர்கள், அத்தை வைத்தது ஒன்று, அப்பா புதிதாக வைத்தது ஒன்று. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான், 'தம்பி' என்றால்தான் திரும்புவான். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, காதுக்குப் பின்னாலிருந்து சிவப்புச் சிவப்பாக இறங்கியது. தட்டம்மை. வெளியே வயலில் கரும்புச் சோகை கொளுத்திய கரி காற்றில் பறந்து வந்து அவன் மேல் உட்காரும், நான் ஊதி ஊதி எடுப்பேன்.

அத்தை தட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். "ஆத்தா வந்துக்கீறாடி. யாரும் தாளிக்காதீங்க, தல சீவாதீங்க" என்று வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். பிள்ளை மேலும் வேப்பிலையால் தடவிக்கொடுத்தாள். அப்பா வந்ததும் அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். "ஆத்தாவும் இல்ல கூத்தாவும் இல்ல, இது வெறும் காச்சலு." வெறும் காய்ச்சல் என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னவர், அதற்கு மருந்து கேட்டாரா என்றால் இல்லை. அவர் கரும்பு வெட்டப் போனதும் அத்தை மறுபடி செருகுவாள். சாயங்காலம் மறுபடி தெருவில் கிடக்கும். வாசலில் மிதிபட்டு அழுகிய வேப்பிலைக் கசப்பும், உள்ளே பிள்ளையின் வாய்ப்புண் நாற்றமும் சேர்ந்து வீடே புரட்டியது. நடுவில் அவன் கிழிந்த புடவை விரிப்பில் கிடந்தான்.

அம்மா ஒரு தடவை மெதுவாகக் கேட்டாள். "பாகூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு தூக்கினு போய்க் காட்டிட்டு வந்துடட்டுமா?"

"ஊசி கீசி போட்டா ஆத்தா கோச்சிக்குவாடி, கண்ண எடுத்துக்குவா" என்றது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா விசுவாசம் இல்லன்னு ஆயிடும்" என்றார் இந்தப் பக்கம் அப்பா.

அந்த மாசி முழுக்க அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான்.

அப்பா செய்த இன்னொரு காரியத்தை இப்போதும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஜெபவீட்டில் சாட்சி சொல்வார்கள், தெரியுமல்லவா? நோய் தீர்ந்தது, வேலை கிடைத்தது என்று எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்வது. நடந்ததைத்தான் சொல்வார்கள். அப்பா நடப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டு வந்தார். மருந்தும் இல்லாமல், வேப்பிலையும் இல்லாமல் என் பிள்ளை எழுந்து நடப்பான் என்று. அத்தனை பேரும் கை தட்டினார்களாம். போதகர் அவர் தலையில் கை வைத்தாராம். தேர்ச் சக்கரத்தில் தன் தோள் பட்ட இடத்தைக் கழுவியதைப் பார்த்தவருக்கு, தலையில் ஒரு கை. அத்தையும் சளைக்கவில்லை, தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அம்மை இறங்கி மூணாந்தண்ணி ஊற்றிக் குளிப்பாட்டியதும் கூழ் வார்க்கிறேன், ஆத்தா என்னைக் கைவிடமாட்டாள் என்று அறிவித்திருந்தாள். இனிமேல் பிள்ளை பிழைப்பது முக்கியமில்லை. எந்த வழியில் பிழைக்கிறான் என்பதுதான் முக்கியம். வாய் நிறையச் சொல்லிவிட்ட இரண்டு பேரின் மானத்துக்கு நடுவில் அந்தச் சின்ன உடம்பு மாட்டிக்கொண்டது.

சிவப்பு வாடியது, ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு நாள் உச்சிப்பொழுதில் மூச்சு வேறு மாதிரி ஆனது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய்க் குழி விழும். மூக்கு நுனி விடைக்கும். உதட்டோரம் நீலமாக இருந்தது. அம்மா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு விரிப்போடு சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

சாப்பாட்டுக்கு வந்திருந்த அப்பா வாசலில் போய் நின்றார். "எங்க போற? நான் சாட்சி சொல்லிட்டு வந்துக்கீறேன்."

சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்தாள். அவளும் அதே வாசலில் நின்றாள். "தண்ணி ஊத்தாம படி தாண்டக் கூடாதுடி, வாணாம்டி."

தட்டி கட்டிய பிறகு அத்தையும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நான் பார்த்தது அப்போதுதான். ஒரே ஜாடை. ஒரே மாதிரி நிலைப்படியில் கை வைத்திருந்தார்கள்.

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரே சாமி ஒரே சாமின்னியே, இப்பதான் எனுக்குப் புரியுது. ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே சாமிதான். அது எம்புள்ளயக் கேக்குது" என்றாள். அப்பாவின் கை நிலைப்படியிலிருந்து நழுவியது. வெட்கமா, பயமா, தெரியாது. அந்த இடைவெளியில் அம்மா தலையைக் குனிந்து வெளியே வந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ரோட்டுக்குக் குறுக்கு வழி, கரும்பு வெட்டிய வயல். வெறுங்காலோடு அம்மா அதற்குள் இறங்கினாள். ஓடும்போதே வாய் ஓயவில்லை. "மாரியாத்தா... முருகா... மாதாவே..." அப்பாவின் ஆண்டவரையும் விடவில்லை, "ஏசப்பா" என்றாள். மாடக்குழியில் இருந்தவர், இல்லாதவர், எல்லாரையும் கூப்பிட்டாள். பாதி வயலில் பெயர்கள் தீர்ந்துவிட்டன. கொஞ்ச தூரம் வெறும் இரைப்பு. பிறகு மேலே பார்க்காமல், பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "யாருனா ஒருத்தரு இருக்கியா? யாரா இருந்தாலும் சரி, இருந்தா வா" என்றாள்.

ஹெட்மாஸ்டர் அவர்களே, எகிப்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த பெயரெல்லாம் தீர்ந்த இடத்தில், கையில் மூச்சு விட முடியாத பிள்ளையோடு ஒரு பொம்பளை கேட்டாளே, அந்த ஒருத்தர், அங்கேதான் எல்லாம் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த ஒருத்தருக்குக் கோபம் கிடையாது, கட்டளை கிடையாது, சாட்சி வேண்டாம், கூழ் வேண்டாம். அவரைப் பிற்பாடு பிடித்துவந்து வாசல் மறிக்கிற வேலைக்கு வைத்தவர்களைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

ரோட்டில் ஒரு கரும்பு லாரி நின்றது. கடவுள் அனுப்பிய ஆள் மாதிரி டிரைவர் இல்லவே இல்லை. பீடி நாற்றம், வழியெல்லாம் முதலாளியின் தாயாரை இழுத்துத் திட்டிக்கொண்டே ஓட்டினான். ஆனால் பாகூர் ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினான். உள்ளே நர்ஸம்மா பிள்ளையைப் பார்த்ததும் அம்மாவைப் பிடித்துக் காய்ச்சினாள். "இத்தினி நாளா இன்னா பண்ணினு இருந்தீங்க? மாடா நீங்கள்ளாம்?" பிள்ளை பெயர் என்ன என்று கேட்டபோது, "தம்பி" என்றாள் அம்மா.

மூக்கில் குழாய் வைத்தார்கள், தொடையில் மாற்றி மாற்றி ஊசி போட்டார்கள். அப்பா தினமும் வந்தார். ஆனால் உள்ளே வரமாட்டார். எதிரிலிருந்த புளியமரத்தடியில் மண்டி போட்டு ஜெபம் பண்ணிவிட்டுப் போவார். உள்ளே வந்துவிட்டால் அவர் சொன்ன சாட்சி பொய்யாகிவிடுமாம். நான் ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்ப்பேன். தம்பிக்கு முதல் தடவையாக நன்றாக மூச்சு வந்தபோதுகூட அந்த முதுகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜெபவீட்டுக்குக் கிளம்பினார். அம்மா நொண்டிக்கொண்டே கூட வந்தாள். அவள் அங்கே போனது அதுதான் முதலும் கடைசியும். அந்தக் கோரைப்பாயைப் பார்த்தேன், உண்மையிலேயே ஒரே பாய்தான். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அப்பா முன்னால் போய் நின்று பிள்ளையை உயரத் தூக்கிக் காட்டினார். "மருந்து இல்ல, மாத்திர இல்ல, ஆண்டவரு தொட்டாரு, எழுந்துட்டான்!" தூக்கியதில் டவுசர் மேலேறி, தொடையில் ஊசி போட்ட இடமெல்லாம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. தம்பி வீறிட்டு அழுதான்.

அம்மா எழுந்து நின்றாள். "ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கினு போனேன். இவுரு வாசல்ல மறிச்சிக்கினு நின்னாரு."

போதகர் இரண்டு கையையும் விரித்தார். "அந்தம்மாவ எழுப்பி அனுப்புனது யாரு? சொல்லுங்க, யாரு?" அத்தனை பேரும் "அல்லேலூயா" என்றார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். அம்மா நடந்து போய் அவர் கையிலிருந்து பிள்ளையை இறக்கி வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது எங்கள் வாசலில் கூழ்ப் பானை இருந்தது. அத்தை புது மஞ்சள் புடவையில் தெருச் சனத்தையெல்லாம் கூட்டி வைத்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் ஓடிவந்து நெற்றியில் குங்குமத்தை அப்பினாள்.

"நீயும்தான் அண்ணி நின்ன, வாசல்ல" என்றாள் அம்மா.

"நான் நின்னா இன்னா? எங்கள மீறி ஒன்னால போவ முடியுமா? ஆத்தாதான் ஒன் காலுல வந்து எறங்கி ஓடிக்கீறா. ஒனுக்கு ஏதுடி அவ்ளோ தெம்பு?"

தெருப் பொம்பளைகள் குலவை போட்டார்கள். அம்மா பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, புடவையை முழங்கால்வரை தூக்கிப் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். கரும்புக் கட்டை கிழித்த இடமெல்லாம் வாய் பிளந்து, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது.

"இது என் காலு அண்ணி. நல்லா பாரு. என் காலு."

அத்தை குனிந்து பார்த்தாள். பிறகு அந்தக் காலை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.